மாடியிலிருந்து ஒரு கோப்பு கீழே இறங்கிய வரலாறு

மனித குலத்தின் வரலாற்றை, பகிர்வதற்கு முன், பகிர்ந்ததற்குப் பின் என்று இரண்டாகப் பிரிக்கலாம். பிந்தைய யுகத்தைத் தொடங்கிவைத்த பெருமை புதுச்சத்திரத்தில் உள்ள எங்கள் வீட்டையே சேரும். அந்த வீட்டின் தலைவன் என்ற முறையில் இந்த அறிக்கையை அடக்கத்தோடு சமர்ப்பிக்கிறேன்.

வீட்டில் இரண்டு கணினிகள். மாடியில் இருப்பது என்னுடையது. கீழே முன்னறையில் பிரிண்டரோடு இருப்பது என் மனைவி சாரதாமணியுடையது. இரண்டுக்கும் நடுவே பதினெட்டுப் படிகளும் ஒரு வைஃபையும் உண்டு. மாடியில் இருக்கும் ஒரு கோப்பு கீழே வந்து, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குள் முத்திரைத்தாளில் அச்சாக வேண்டும். பத்திரப் பதிவுக்கு டோக்கன் போட்டாயிற்று.

அது என் தங்கை மைதிலி எனக்கு எழுதிக்கொடுக்க வேண்டிய விடுதலைப் பத்திரம். அம்மாவுக்குப் பின் அப்பாவும் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். நாலு ஏக்கர் இருபது சென்ட்டில் அவளுக்கும் சரிபாதி என்கிறது சட்டம். சட்டத்துக்கு எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன தெரியும்? தன் பாதியை அவள் 'மனமுவந்து' விட்டுக்கொடுப்பதாக நானே தட்டச்சு செய்தேன். பத்திரம் எழுதுபவரிடம் போனால், சம்பந்தப்பட்டவருக்கு விஷயம் தெரியுமா என்பது போன்ற அநாகரிகமான கேள்விகளைக் கேட்பார். மைதிலியிடம், பட்டாவில் ஒரு சின்னத் திருத்தம், ஒரே ஒரு கையெழுத்துதான் என்று சொல்லி வைத்திருந்தேன். அவளுக்கு எதற்கு வீண் மனக்கஷ்டம் என்கிற பாசம்தான்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன என்றாள் மனைவி. என் விரல் தவறிக் குடும்பக் குழுவில் விழுந்துவிட்டால், அதில் மைதிலியும் இருக்கிறாளே.

"அப்ப பென்டிரைவுல போட்டுக் கொண்டாங்க. பதினெட்டுப் படிதானுங்க" என்றாள்.

கோப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பது கற்கால வழக்கம் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் கற்காலத்துக்கே திரும்பி, அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஓர் 'உயர்மட்டக் குழு' அமைத்தேன். தலைவர் நான். உறுப்பினர்கள் கிடைக்கவில்லை. இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று பார்க்க மறுக்கின்றன என்பது முதல் அமர்வில் ஏகமனதாகக் கண்டறியப்பட்டது. செவ்வாயன்று ரூட்டரை அணைத்துப் போட்டேன். பலிக்காததால் அதை ஈசானிய மூலைக்கு மாற்றினேன். புதனன்று இன்டர்நெட் இணைப்புக்காரர் நந்தகுமார் வந்தார். நெட்டு வந்தால் தன் வேலை முடிந்தது, பொட்டிக்கும் பொட்டிக்கும் ஆகாவிட்டால் அது குடும்பப் பிரச்சினை என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்.

வியாழனன்று பெரும் முன்னேற்றம். இது பொது இணைப்பா, தனி இணைப்பா என்று மாடிக் கணினி முன்பொரு நாள் கேட்டபோது, பொதுநலவாதியான நான் 'பொது' என்று அடித்திருக்கிறேன். பொது என்றால் கணினி தன்னிடம் உள்ளதையெல்லாம் அடுத்தவர் கண்ணில் படாமல் ஒளித்துக்கொள்ளுமாம். பொருள் எசமானைப் போலவே இருக்கும் என்பது சரிதான். 'தனி' என்று மாற்றியதும் அதன் பெயர் கீழே தெரிந்தது. ஆனால் திறக்கப் போனால், உங்களுக்கு அனுமதி இல்லை, உரிமையாளரை அணுகவும் என்றது.

சாரதாமணி அதை நிதானமாகப் படித்தாள். "கல்யாணமாயி இருவத்திரண்டு வருசமா இதையேதானுங்க நீங்களும் சொல்றீங்க" என்றாள். குழு இதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு, வாழப்பாடியிலிருந்து சேலம் வந்து பஸ் மாறி மைதிலி வந்து இறங்கினாள். வாழப்பாடியில் ஒரு கல்லூரியில் அவள் கணினிப் பாடம் நடத்துகிறாள். நாலு நாளாக அவளைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கட்டிக்கொடுத்த பெண்ணிடம் பிறந்த வீட்டு விவகாரத்தில் யோசனை கேட்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஆனாலும் மணி ஆகிக்கொண்டிருந்ததால் வழக்கத்தைத் தளர்த்தினேன். அவள் கீழே உட்கார்ந்து, என்னை மாடிக்கு அனுப்பி, கீழிருந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் தட்டிக்கொண்டே வந்தேன்.

"இப்ப ஃபோல்டரை யாரு யாருக்குப் பங்கு குடுக்கறீங்கன்னு கேக்குமுங்கண்ணா."

'எல்லோரும்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது. எங்கள் வம்சத்தில் எல்லோருக்கும் பங்கு கொடுத்த முதல் ஆள் நான்தான்.

"படிக்க மட்டுமுங்களா, எழுதறதுக்குமுங்களா?"

"படிக்க மட்டும் போதும் சாமி. எழுதற உரிமையெல்லாம் வெளிய குடுக்கப்படாது" என்றேன், குடும்பத் தலைவனுக்குரிய குரலில்.

திறந்துவிட்டது என்று கீழிருந்து சொன்னாள். நான் வெற்றிக் களிப்பில் கைதட்டினேன். அந்த ஃபோல்டரில் இருக்கும் ஒரே கோப்பு எது என்பது, கைதட்டி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பதினெட்டுப் படிகளையும் எந்த வைஃபையும் எட்டாத வேகத்தில் இறங்கினேன். மைதிலி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று சாரதாமணியும் படித்துக்கொண்டிருந்தாள். 'மைதிலி ஆகிய நான், எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, பூரண சுயநினைவோடும் மனச்சம்மதத்தோடும்' என்று போகிறது பத்திரம். அவளுடைய மனச்சம்மதத்தை நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியிருந்தேன். அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவள் கடைசி வரி வரைக்கும் படித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க, பதினோரு மணிக்கு டோக்கன், கிளம்பலாமா என்று கேட்டேன்.

மைதிலி நாற்காலியை விட்டு எழுந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"படிக்க மட்டுந்தானுங்கண்ணா உரிமை குடுத்தீங்க. படிச்சுட்டேனுங்க" என்றாள். "எழுதறதுக்கு உரிமை இல்லாதவ, கையெழுத்து எப்படிங்க போடறது?"