சம்பந்தியை அலமாரிக்குள்ளிருந்து வரவேற்றது

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என் மானம் ஒன்றைத் தவிர. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் பெருமூச்சு விட்டாலே சமையலறையில் இருப்பவளுக்குக் கேட்டுவிடும், அதனால்தான் கடிதம். காலையில் நம் கடை வேன் உன் ஊருக்கு ஒரு சோபாவை இறக்க வருகிறது. டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்த கையோடு அதே வேனில் ஏறி வந்துவிடு. டெலிபோன் ஆபீசில் நீ பேசிய இங்கிலீஷ் எனக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். நம் வெளிநாட்டு மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இங்கிலீஷ் தவிர வேறு பாஷை கிடையாது. நான் அவரிடம் சொல்ல வேண்டியதும் ஒரே ஒரு வாக்கியம்தான்: என் பெண்ணை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதை நடுவில் ஆள் வைக்காமல் என் வாயாலேயே சொல்ல வேண்டும். பெண்ணைக் கடல் தாண்டி அனுப்புகிறவனுக்கு இந்த ஆசைகூட இருக்கக் கூடாதா? அதற்காகத்தான் இந்த வயதில் மருந்துக்கடை மாடியில் மாலை வகுப்புக்குப் போனேன்.

டீச்சர் நம் பெண்ணைவிடச் சின்னவள். ஒன்றை முதல்முதலாகச் சொன்னால் 'எ', அதையே மறுபடி சொன்னால் 'தி' என்றாள். அது புரிந்தது. முதல் நாள் கடைக்கு வருகிறவர் யாரோ ஒரு கஸ்டமர், மறுபடி வந்தால் நம்ம கஸ்டமர். 'அண்ட்', 'பட்', 'பிகாஸ்' எல்லாம் இரண்டு பலகையைச் சேர்க்கிற ஆணிதானே என்று கேட்டேன், சபாஷ் என்றாள். என்னோடு வகுப்புக்கு வந்த உன் தம்பி பொண்டாட்டி 'பட்'டை மட்டும் பிடித்துக்கொண்டு, நான் வாயைத் திறந்தாலே "பட்..." என்கிறாள். நான் மாட்டிக்கொண்டது இன், ஆன், அண்டரில்தான். "சார், நீங்க மர வேலை செய்றவரு. புஸ்தகத்த மூடுங்க. மேல ஏறுங்க, உள்ள போங்க, அடியில படுங்க, அங்கேருந்தே வாய்விட்டுச் சொல்லுங்க" என்றாள். கையால் தொடாத எதையும் நான் கற்றதில்லை என்பது உனக்குத் தெரியுமே. மேஜைமேல் உட்கார்ந்தேன், கட்டிலுக்கடியில் படுத்தேன். மகள் இதைச் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிச் சிரித்தாள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

இன்று மதியம், சம்பந்திக்கென்று ஒழித்து வைத்த அறையில் நான் செய்து வைத்திருக்கும் புது அலமாரிக்குள் 'இன்' பாடத்துக்காக ஏறினேன். என் அலமாரிக் கதவுகள் லேசாகச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும், அதற்காகவே ஊரில் பேர் வாங்கினவை. உள்ளேயிருந்து திறக்க வழி வைத்ததில்லை, உள்ளே போன கஸ்டமர் இதுவரை யாரும் இல்லை. தட்டினேன். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. மிக்ஸி நின்றபோது கூடத்தில் பேச்சுக்குரல். நாளைக்கு வர வேண்டியவர் முந்திய விமானத்தில் இடம் கிடைத்ததென்று இன்றே வந்து நிற்கிறார்! "அப்பா எங்கம்மா?" என்கிறாள் மகள். "இங்கதான்டி இருந்தாரு, பட்..." என்கிறாள் இவள். சத்தம் போட்டால் மானம் போகும், போடாவிட்டால் உயிர் போகும். கடைசியில், "ஐ ஆம் இன் தி கப்போர்ட்!" என்று கத்தினேன். ஒரு பிழை இல்லை, அக்கா! கதவைத் திறந்தது சம்பந்தியேதான். கையை நீட்டினார். இதுதான் சமயம் என்று என் வாக்கியத்தை எடுத்தேன். "அண்ட்... பட்... பிகாஸ்..." ஆணியாகக் கொட்டியது, பலகை ஒன்றுகூட வரவில்லை. அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு நின்றார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை.

அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அலமாரியில் வாழ்கிறவன் பெண்ணா நமக்கு மருமகள் என்று அவர் நினைத்துவிட்டால்? பயமாக இருக்கிறது அக்கா. என் வாயால் சொல்லும் ஆசையை விட்டுவிட்டேன். நீ வந்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடு, போதும்.

அத்தானைப் படி பார்த்து இறங்கச் சொல். குழந்தைகளுக்கு என் ஆசி எப்போதும் உண்டு.

உன்னையே நம்பியிருக்கும்,
தம்பி

பி.கு.: நீ வர வேண்டாம். விடிந்ததும் கடிதத்தை ஒட்டப் போனேன், சம்பந்தி அறையில் தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. அடியிலிருந்து ஒரு குரல், எழுத்துக் கூட்டி: "நான்... கட்டிலுக்கு... அடியில்... இருக்கிறேன்." பின்னாலேயே வந்த மகள், "நான் உங்களப் பத்திச் சொன்னதக் கேட்டு, நம்ம வீட்டுல பாஷைய இப்படித்தான் படிப்பாங்கன்னு நெனச்சுட்டாருப்பா. அவங்க ஊர்லயும் கட்டிலுக்கடியிலதான் தமிழ் படிச்சாராம்" என்றாள். நானும் நுழைந்து பக்கத்தில் படுத்தேன். முகத்தைப் பார்க்க வேண்டியில்லாததாலோ என்னவோ, என் வாக்கியம் முழுசாக வந்துவிட்டது. அவர் யோசித்து, "பாத்துக்கறோம்" என்றார். பிறகு, "ஆனால்..." என்று எதையோ தேடினார். "ஆனால்... நீங்க... அடிக்கடி... வரணும்" என்றார். அழுதுவிட்டேன், அக்கா. டிரைவர் ஹாரன் அடிக்கிறான். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கட்டிலுக்கடியிலிருந்தே எழுதுகிறேன், நம்ம சம்பந்தி டார்ச் பிடிக்கிறார்.