பிரேமாவதி கொல்லையில் ருபார்ப்

"வறுத்து அனுப்பியிருப்பாளோ?"

பிரேமாவதி அந்த விதையைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பழுப்பு நிறம், ஓரத்தில் சருகு மாதிரி ஒரு இறக்கை. முகர்ந்து பார்த்தாள். வறுத்த வாசனை வரவில்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது.

"யாரு, எத வறுத்தா?" என்றார் கணவர் முருகையா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"உங்க நளினிதான். மொளைக்கக் கூடாதுன்னு வெதைய வறுத்து அனுப்பியிருந்தா?"

"என் நளினியா? ஒன் தம்பி பொண்டாட்டிலா அவ!"

அதுவும் சரிதான். நளினி, பிரேமாவதியின் தம்பி திவாகரனின் மனைவி. இரண்டு பேரும் ஸ்காட்லாந்தில் குடியிருக்கிறார்கள். அங்கிருந்து அவள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஒரு படம்தான் இத்தனை கூத்துக்கும் ஆரம்பம். மண்ணில் வரிசையாக, கொழுகொழுவென்று நிற்கும் சிவப்புத் தண்டுகள். கீழே, "நானே விதை போட்டு வளர்த்த ருபார்ப்!" என்று ஒரு பெருமை. புளிப்பான தண்டாம், சர்க்கரை போட்டுக் காய்ச்சித் தின்பார்களாம்.

"இலையைக் காணோமே?" என்று பிரேமாவதி அப்போதே கேட்டாள்.

"இலை விஷம் அண்ணி. வெட்டிடுவோம்" என்று பதில் வந்தது.

அதோடு விட்டிருந்தால் சரி. ஆனால் கெடா மாநிலத்துப் புக்கிட் செலம்பாவில் அப்பா விட்டுப்போன வீட்டின் பின்னால் ஒரு கொல்லை இருந்தது. அக்காள், தம்பி இரண்டு பேருக்கும் பொது. அதைச் சிமெண்டு போட்டு மெழுகி, மேலே இரண்டு அறை எழுப்பி, வருகிறவர் போகிறவருக்கு வாடகைக்கு விடலாம் என்பது நளினியின் ஆசை. பிரேமாவதியோ கையுறைத் தொழிற்சாலையில் கால் கடுக்க நின்ற காலமெல்லாம், வேலையை விட்டதும் இந்தக் கொல்லையில் ஒரு தோட்டம் போட வேண்டும் என்று மனசில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தவள். விட்டும் விட்டாள். ஆனால் இதுவரை வளர்ந்தது லாலாங் புல் மட்டும்தான்.

"நாங்க லீவுக்கு வர்றதுக்குள்ள அதுல ஒரே ஒரு ருபார்ப் வெதை போட்டு வளத்துக் காட்டுங்க அண்ணி. அப்புறம் சிமெண்டுன்னு வாயத் தொறக்க மாட்டேன்" என்று நளினி சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் குழுவில் எழுதிவிட்டு, ஒரு பொட்டலம் விதையையும் தபாலில் அனுப்பிவிட்டாள். மாமன், மச்சான் எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். இனி எங்கே பின்வாங்குவது?

விதை வறுத்ததில்லை. ஊற வைத்துத் தொட்டிகளில் நட்டதில் அழகாக முளைத்துவிட்டது. பிரேமாவதி சந்தோஷப்பட்டது அன்றைக்குக் காலைப் பசியாறும் வரைக்கும்தான்.

"என்னாங்க, பக்கத்து வீட்டுக் கதீஜா வேலிப் பக்கமா எட்டிப் பாத்தா. கண்ணு பட்டுச்சுன்னா அவ்ளோதான்."

"துணி காயப்போட வந்தவ எங்கிட்டுப் பாப்பா? கண்ண மூடிக்கிட்டா காயப்போடுவா?"

முருகையா பேச்சு யாருக்கு வேண்டும்? மீசை வரைந்து, நாக்கைத் துருத்திய பூசணிக்காய் ஒன்று தொட்டிகளுக்கு மேலே தொங்கியது. கண்ணுக்குக் காவல் ஆயிற்று. அடுத்தது தீனி. மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினால் மிளகாய்ச்செடி எப்படிக் காய்க்கும் என்று தொழிற்சாலையில் ஆளுக்கு ஆள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். கெம்போங் மீனைக் கழுவிக் கழுவி ஊற்றினாள். மறுநாள் காலையில் பாதித் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. நடுவில் கதீஜாவின் பூனை படுத்து, மீசையை நக்கிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா! பூனைய ஏவி விட்டிருக்கா!"

"மீன் வாசனைக்கு எம்பூனையா, ஒம்பூனையான்னு பாத்தா வரும்?"

மிஞ்சிய நாற்றுகளைச் சுற்றிலும் மேலேயும் கருப்பு வலை கட்டினாள். பூனை வரவில்லை. காற்றும் வரவில்லை. கெடா வெயிலில் வலைக்குள் அனல் தகித்தது, நாற்றுகள் தலையைத் தொங்கப்போட்டன. யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரர் இது குளிருக்குப் பிறந்த செடி என்றார். அவர் பின்னால் நின்ற செடியில் யானைக் காது அகலத்துக்கு இலைகள். பிரேமாவதி அதைக் கவனிக்கவில்லை, குளிர் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டாள். ஐஸ்பெட்டியில் வைக்க முருகையா விடவில்லை. அதனால் தினம் மத்தியானம் கதீஜாவின் புருஷன் ஜலீலின் சாப்பாட்டுக்கடையிலிருந்து பை பையாக ஐஸ் வந்தது.

கதீஜா எவ்வளவு நாள்தான் பொறுப்பாள்?

"பிரேமாக்கா, கருப்பு வலை, பூசணிக்கா, தெனம் ஐஸு. உள்ள அப்படி என்னாக்கா வச்சிருக்கீங்க?"

"ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லாததுக்கா ஐஸு?" என்று கதீஜா வலையை விலக்கக் கையை நீட்டினாள்.

"தொடாத! எல விஷம்!"

நீட்டிய கை அப்படியே நின்றது. கதீஜா ஓரடி பின்னால் போனாள். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட முகத்தோடு வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயந்திரமே ஜலீல் கடையில் தே தாரேக் தேநீரோடு செய்தியும் ஆற்றப்பட்டது. பிரேமாக்கா கொல்லையில் கெத்தும் செடி வளர்க்கிறாராம், காய்ச்சிக் குடித்தால் போதை ஏறுமே, விற்றால் போலிஸ் பிடிக்குமே, அதே இலைதானாம். அடுத்த நாள் முன்பின் தெரியாத ஒரு ஆள் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அக்கா, பாக்கெட்டாத் தருவீங்களா, காய்ச்சித் தருவீங்களா?"

துடைப்பத்தைத் தூக்கியதும் ஓடிவிட்டான். ஆனால் பிரேமாவதி உடனே வாசல் கதவைச் சாத்தினாள். "ஐயோ, போலிஸ் வரப்போவுது! செடியப் புடுங்கிட்டுப் போயிட்டா நான் என்னாத்தக் காட்டுவேன்?" என்று தொட்டிகளை எல்லாம் இழுத்துக்கொண்டு போய்ச் சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டினாள். பேச்சு அடங்கும் வரை திறக்கவில்லை.

திறந்தபோது நாற்றுகள் வெளுத்த நூல் மாதிரி மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. ஒன்றுகூட நிமிரவில்லை.

பிரேமாவதி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். முருகையாவுக்குக் கேலி செய்ய மனசு வரவில்லை.

"செத்துப்போச்சுன்னு சொல்லிடேன் பிரேமா. நம்ம திவாகரன்தானே."

"திவாகரன் என்னைக்குங்க வாயத் தொறந்திருக்கான்? செத்துப்போச்சுன்னு சொன்னா மறுநாளே லோரி வந்து சிமெண்டக் கொட்டும். எனக்குன்னு இருக்கறது அந்த மண்ணு ஒன்னுதாங்க."

முருகையா தலையைச் சொறிந்தார். பிறகு தயங்கித் தயங்கி, "பினாங்குல வெள்ளைக்காரங்க சாமான் வாங்குற பெரிய கடை ஒன்னு இருக்குல்ல?" என்றார்.

இருந்தது. குளிர்ப் பலகையில், காய்கறிகளுக்கு நடுவே, இலை நறுக்கிய சிவப்புத் தண்டுகள் ராஜாத்தி மாதிரி படுத்திருந்தன. அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். நளினி வருகிற அன்று காலை, வாட்ஸ்அப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதேபோல வரிசையாக மண்ணில் செருகினாள் பிரேமாவதி. கடைசித் தண்டை அவசரமாகக் குத்தி நிமிர்வதற்கும், வாசலில் கார் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது.

நளினி கருப்புக் கண்ணாடியோடு நேராகக் கொல்லைக்கே வந்தாள். "எங்க அண்ணி நம்ம ருபார்ப்?" என்றவள், பார்த்ததும் நின்றுவிட்டாள். கண்ணாடியைக் கழற்றினாள். குனிந்தாள். தொடப்போன கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"நல்லா... நல்லாவே வளந்திருக்கு அண்ணி."

அவ்வளவுதான். இலை எங்கே என்று கேட்கவில்லை. எப்போது நட்டது என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு ராத்திரியெல்லாம் பதில் தயாரித்து வைத்திருந்தாள் பிரேமாவதி. வாய்க்கு வாய் பேசுகிறவள் இன்றைக்கு ஏன் ஊமையாகிவிட்டாள்?

"சிமெண்டு?" என்றாள் பிரேமாவதி.

"சொன்ன சொல்லுதான் அண்ணி. வேணாம். வாங்க உள்ள போவோம், வெயிலு மண்டையப் பொளக்குது."

ஜெயித்தாயிற்று. வேறு யாராக இருந்தாலும் உள்ளே போய்க் காப்பி கலக்கியிருப்பார்கள். பிரேமாவதிக்கு அது முடியுமா?

"ஏன் நளினி, கையில தொட்டுக் கூடப் பாக்காமப் போற? ஒன்னப் புடுங்கித்தான் பாரேன்!"

முருகையாவுக்கு விழி பிதுங்கியது.

"வேணாம் அண்ணி!" நளினியின் குரல் கிறீச்சிட்டது. "பாவம், செடி!"

அதுவரை பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற திவாகரன் பெட்டியைக் கீழே வைத்தான். வரிசையின் கடைசித் தண்டருகே குந்தி, அதை மெல்ல இழுத்தான். கேக்கில் செருகிய மெழுகுவர்த்தி மாதிரி அது சுளுவாகக் கையோடு வந்தது. வேர் இல்லை. அடிமண்ணைக் கட்டை விரலால் துடைத்தான். பினாங்குக் கடையின் பச்சை ஸ்டிக்கர் பளிச்சென்று தெரிந்தது.

திவாகரன் மனைவியைப் பார்த்தான். பிறகு அக்காளைப் பார்த்தான்.

"அக்கா," என்றான், "நளினி நடுறப்ப மொதல்ல ஸ்டிக்கர உரிச்சிடுவா."