பதினொரு கிலோமீட்டர் மிச்சம்

மனிதர்களில் 'கோடு கிழிப்பவர்' என்று ஒரு வகை உண்டு. சாலையில் தேடாதீர்கள்; அந்தப் பக்கமே அவர் வருவதில்லை. மின்விசிறிக்குக் கீழே, விரித்த வரைபடத்துக்கு முன்னால், ஒரு கையில் தேநீரும் மறு கையில் சிவப்புப் பேனாவுமாக, உலகம் முழுவதும் சமதளம் என்ற பூரண நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பார். நான் அறிந்தவருக்கு அலுவலகத்தில் 'ஸ்கேல் சார்' என்று பெயர். அமிலம் ஏற்றிப்போகும் டேங்கர் லாரிகளுக்கு வழி வகுத்துக் கொடுப்பது அவருடைய வேலை. அதாவது, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஸ்கேலை வைப்பது.

"புறவழிச் சாலையில போனா பதினொரு கிலோமீட்டர் அதிகம். யார் அப்பன் வீட்டு டீசல்?" என்று ஒருநாள் கேட்டார்.

இருபது வருடம் டேங்கர் ஓட்டிய டிரைவர் தலையைச் சொறிந்தார். "சார், நீங்க சொல்ற வழியில கடைத்தெரு இருக்கு. பள்ளிக்கூடம் இருக்கு. ரயில் பாலம் வேற தாழ்வா இருக்கும்."

ஸ்கேல் சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வரைபடத்தை உற்றுப் பார்த்தார்.

"தாழ்வாவா? இங்க அப்படி ஒண்ணும் தெரியலையே!"

காகிதத்தில் எந்தப் பாலம்தான் தலையில் இடிக்கிறது? டிரைவர் மறுத்துப் பார்த்தார். அந்த வழியில்தான் போக வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு ஒரு தாளை நீட்டினார் சார். கையெழுத்தில் மட்டும் வளைவு நெளிவுக்குக் குறைவில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்குப் பாலம் தன் உயரத்தைத் தெரிவித்துக்கொண்டது. டேங்கரின் மேல்மூடி இடித்து நெகிழ்ந்து, வெள்ளையாகப் புகை கிளம்பியது. டிரைவர் வண்டியை அணைத்துவிட்டுக் குதித்தார். "காத்து வர்ற திசையில ஓடுங்க! கடையைப் பூட்டாதீங்க, விட்டுட்டு ஓடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பள்ளிக்கூடத்துக்குள் ஓடிப் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக வெளியேற்றினார். கடைசி வகுப்பும் காலியான பிறகுதான், முகத்தில் கட்டிய துண்டோடு படியில் சரிந்து விழுந்தார்.

அதே சமயம் ஸ்கேல் சாருக்கு அவர் தங்கையிடமிருந்து போன். அந்தக் கடைத்தெருவில்தான் அவளுக்குத் தையல் கடை.

"அண்ணா, இங்க ஆசிட் லாரி ஒண்ணு பாலத்துல மாட்டிருக்கு. மூச்சே விட முடியலை. கடையைப் போட்டுட்டு ஓடி வந்துட்டேன். எந்த மடையன் அதை ஊருக்குள்ள அனுப்பினான்?"

ஸ்கேல் சாரின் தேநீர் ஆறியது. கடைசியில், "இந்த டிரைவருங்களே இப்படித்தாம்மா. சொன்ன பேச்சைக் கேட்கிறதில்லை" என்றார்.

தீயணைப்புப் படையினர் வந்து நீரைத் தூவிப் புகையை அடக்கினார்கள். டிரைவரைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் மட்டும் நுரையீரல் எரிச்சலோடு நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். விசாரணை வந்தது. சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து மேனேஜரிடம் கொடுத்தார் டிரைவர். இருமல் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

ஸ்கேல் சாருக்குத் தண்டனை கிடைத்ததா என்கிறீர்களா? நல்ல கதை! ஏற்பட்ட அனுபவத்தை உத்தேசித்து அவரைப் பாதுகாப்புக் குழுவுக்கே தலைவராக்கினார்கள். இப்போது 'உயிரே பெரிது' என்று முக்கால் மணி நேரம் பேசுகிறார். பழைய பாதையை அவரே ரத்து செய்துவிட்டார். புதிய பாதை தங்கை கடையைத் தொடுவதே இல்லை. அதற்கு இரண்டு தெரு தள்ளி, பிரசவ ஆஸ்பத்திரி வழியாகப் போகிறது. இரண்டு கிலோமீட்டர்தான் கூடுதல்.

புதிய பாதைக்கு அவர் கையெழுத்துப் போட்டு நீட்டிய தாளை டிரைவர் வாங்கி, நான்காக மடித்து, மேசைமேலேயே வைத்துவிட்டார்.

"நான் புறவழியிலதான் போவேன் சார். வேணும்னா நீங்க ஓட்டுங்க."

சொன்னபடி இன்றுவரை சுற்றித்தான் போகிறார். சாவியை வாங்கிக்கொள்ள ஸ்கேல் சார் இதுவரை கை நீட்டவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்ததே, அந்தத் துண்டுகளை என்ன செய்தீர்கள்? தாளில் சுற்றிக் கட்டினீர்களா, இல்லை அப்படியே குப்பைப் பையில் கொட்டி வாசலுக்கு வெளியே வைத்தீர்களா? பையைத் தூக்கியவருக்கும் கை உண்டு. ஆமாம், உங்கள் வரைபடத்தில் அது தெரிந்திருக்காது.