ஐந்தாவது உடையப்பன் வேண்டாம்

உ
சிவமயம்

திருமயம் தாலுகா,
9-7-1958

மெட்ராஸில் கம்பெனி உத்தியோகம் பார்க்கும் என் கடைசிக் குமாரன் சிரஞ்சீவி ரத்தினவேலுக்கு, அப்பச்சி உடையப்பன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. நானும் உன் ஆத்தாளும், உன் அண்ணன்மார் நால்வரும், அவரவர் பெண்டு பிள்ளைகளும் மீனாட்சி கிருபையால் உயிரோடு இருக்கிறோம். சௌக்கியமாக இருக்கிறோம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மருமகள் முத்தாளுக்கு இது மாசம் என்பதால், இந்தக் கடிதத்தை அவள் எதிரில் வாய்விட்டுப் படிக்காமல் தனியாக உட்கார்ந்து படி.

மகனே, பிறப்பது ஆணாக இருந்தால் என் பேரை வைக்காதே. உனக்குத் தூக்கிவாரிப் போடும் என்று தெரியும். தலைப்பிள்ளைக்கு அப்பனைப் பெற்றவர் பேர் என்பது நம்மில் வழக்கம், அதை நான்தான் உங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன், மறுக்கவில்லை. அதன்படி உன் அண்ணன்மார் நாலு பேரும் ஆளுக்கொரு பிள்ளைக்கு என் பேரை வைத்து, மருமகளுக்கொரு அடுப்பாகச் சமைக்கிற இந்த ஒரே வீட்டில் அடுப்புக்கு ஒருவனாக நாலு உடையப்பன்கள் திரிகிறார்கள், என்னோடு ஐந்து. நாலாவது பேரனுக்குப் பேர் வைத்த அன்று பூரித்துப்போய்த் தெருவுக்கே பாயசம் ஊற்றினேனே, அன்றைக்கு என் புத்தி எங்கே போயிருந்தது? மருமகள்கள் மாமனார் பேரைச் சொல்லக் கூடாது, உன் ஆத்தா புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள், வேலைக்காரர்களுக்கும் வாய் வராது. ஆகவே எல்லாரும் பிள்ளைகளை "ராசா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் ஒன்று நாலு ராசாவும் வருகிறார்கள், இல்லையென்றால் ஒரு ராசாவும் வருவதில்லை. என் பேரை இந்த வீட்டில் முழுசாகச் சொல்கிறவர்கள் அந்த நாலு பயல்கள்தான். அதுவும் எப்படி? "டே உடையப்பா, ஒன் மூக்க ஒடச்சிருவேன்" என்று. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் இது காதில் விழுந்தால் என் நெஞ்சு என்ன பாடுபடும், நீயே சொல்.

போன மாசம் அம்மை குத்துகிறவர் வீட்டுக்கு வந்தார். பிள்ளைகளின் பேரைக் கேட்டிருக்கிறார். மூத்த மருமகள் தெய்வானை என்ன செய்வாள், சாய்வு நாற்காலியில் கிடந்த என்னைக் கையால் காட்டி, "அந்தா படுத்திருக்காக பாருங்க, அவுக பேருதான், எழுதிக்கிருங்க" என்றிருக்கிறாள். மற்ற மூவரும் அதையே சொல்ல, அவர் ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு உடையப்பன் எழுதிக்கொண்டு, மேலிருந்து கூப்பிட ஆரம்பித்தார். உன் இரண்டாவது அண்ணன் மகன் இருக்கிறானே, அவன் பேர் சொன்னால் உடனே எழுந்து நிற்கிற சாது. முதல் தடவை போய்க் குத்திக்கொண்டான். மறுபடி கூப்பிட்டார், மறுபடி போனான். மூன்றாவதும் போனான். மற்ற மூவரும் மச்சில் ஒளிந்துகொண்டு சிரிக்கிறார்கள். நாலாவதாக "உடையப்பன்" என்று சத்தம் போட்டபோது நான் திடுக்கிட்டு விழித்து, "யாரது, என்ன வேணும்?" என்றேன். அவ்வளவுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேரு சரியா இருக்குங்க, ஆடாம இருங்க" என்று குத்தியே விட்டார். அறுபத்து மூன்று வயசில் எனக்கு அம்மை குத்தினார்கள் என்றால் ஊரில் யார் நம்புவார்கள்? அந்தச் சாதுப் பிள்ளை ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தது, எனக்கு மூன்று நாள் கை தூக்க முடியவில்லை, மச்சில் இருந்தவர்களுக்கு இன்றுவரை குத்தவில்லை.

இதையாவது பொறுத்துக்கொண்டேன். கோயில் திருப்பணிக்கு நான் தலைமை ஏற்க வேண்டும் என்று கேட்பதற்காகப் பங்காளிகள் ஏழு பேர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே வாசல் சுவருக்கு வெள்ளையடித்து, நானும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு காத்திருந்தேன். வந்தார்கள். என் முகத்தை யாரும் நேராகப் பார்க்கவில்லை. காப்பி குடித்தார்கள், மழை இல்லை என்றார்கள், எழுந்துகொண்டார்கள். திருப்பணிப் பேச்சையே எடுக்கவில்லை. படி இறங்கும்போது அவர்களில் ஒருவரான வயிரவன் செட்டியார் என் தோளைத் தொட்டு, "மாங்கா வேணும்னா நம்ம தோப்புக்குச் சொல்லி விடுங்க, கூடையோட அனுப்புறேன்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே வந்து பார்த்தால், அந்த வெள்ளைச் சுவரில் ஒரு முழ உயரத்துக்குக் கரியால் எழுதியிருக்கிறது, "உடையப்பன் மாங்கா திருடன்". நாலு பேரையும் நிறுத்தி, யார் எழுதியது என்றேன். ஒரே குரலில் "உடையப்பன்" என்றார்கள். யாரைப் பற்றி என்றேன். "உடையப்பனப் பத்தி" என்றார்கள். எந்த உடையப்பன்டா என்று கத்தினேன். ஆளுக்கு ஆள் பக்கத்தில் இருந்தவனைக் காட்டினார்கள். கடைசியில் நின்ற பொடியனுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை, அவன் என்னைக் காட்டினான்.

இப்போது நாலு அடுப்புக்காரிகளும் ஒருத்தியோடு ஒருத்தி பேசுவதில்லை. திருப்பணித் தலைமை வேறொருவருக்குப் போய்விட்டது. ஆகவே ரத்தினவேல், உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஐந்தாவதாக ஒருவன் வேண்டாம். சாமி பேர் எத்தனையோ இருக்கிறது. பட்டணத்தில் இரண்டெழுத்து மூன்றெழுத்தில் புதுசு புதுசாக வைக்கிறார்களாமே, அதில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொள். வழக்கம் கெட்டுப்போகும் என்று பயப்படாதே, பங்காளிகள் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். முத்தாளுக்குச் சுகப் பிரசவம் ஆக உன் ஆத்தா தினமும் விளக்கேற்றுகிறாள். தாயும் பிள்ளையும் நீயும் நூறு வயசு நிறைவாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பச்சி,
உடையப்பன் (மூத்தவர்)

பின் குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தபாலில் உன் கடிதம் வந்தது. போன மாதக் கடைசியிலேயே ஆண் குழந்தை பிறந்ததாகவும், சுரேஷ் என்று வைக்கலாமா என்று எனக்குத் தந்தி கொடுத்ததாகவும், பதில் வராததால் எனக்குச் சம்மதம் என்று வைத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். தந்தியா? விசாரித்தேன். தந்திக்காரர் தெருவில் நின்று உடையப்பன் யார் என்று கேட்டிருக்கிறார். அந்தச் சாதுப் பிள்ளை நான்தான் என்று போய், கையெழுத்துப் போட்டு வாங்கி, ஊருணியில் கப்பல் விட்டிருக்கிறான்.

சுரேஷா? உன் ஆத்தா கடிதத்தைக் கேட்டுவிட்டு, "கடைசிப் புள்ளைக்கு மட்டும் இவுக பேரு ஆகலையாக்கும்" என்று சொல்லி உள்ளே போனவள் இன்னும் வெளியே வரவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. இங்கே நாலு பேர் இருந்தால் இருக்கட்டும், அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். அவ்வளவு பெரிய மெட்ராஸில் என் பேருக்குத் திரும்பிப் பார்க்க ஒருத்தன்கூட இல்லையே! என்னை என்னவென்று நினைத்துவிட்டாய்? மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடு. சனிக்கிழமை போட் மெயில் ரயிலில் நானும் உன் ஆத்தாளும் ஏறுகிறோம். பிள்ளையின் காதில் என் பேரை நானே சொல்ல வேண்டும். அதுவரை சுரேஷ் என்று யாரையும் எனக்குத் தெரியாது.