முடியாது மதாமும் என் இரண்டாவது விடுப்பும்

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் பாகூர் வட்டாரத்திலேயே மிக வேகமானது எது என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் கவர்னரின் மோட்டார் கார் என்பார்கள். எங்களுக்குத் தெரியும். எங்கள் பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியையின் வாயிலிருந்து வரும் ‘முடியாது’தான் அது. கேள்வி புறப்படுவதற்கு முன்பே பதில் வந்து சேர்ந்துவிடும்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் முடியாது மதாம். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை ஊர் சுலபமாக ஊகித்துக்கொண்டது.

தபால்காரர் வாசலில் நின்று வாயைத் திறப்பார். “முடியாது!” என்று உள்ளேயிருந்து குரல் வரும். அப்புறம் வெளியே வந்து கையை நீட்டி, “இன்னா, கடுதாசியா? குடு” என்பார். ஒரு ஜூலை மாதம், பதினாலாம் தேதிக் கொடி விழாவுக்குப் பிள்ளைகளைப் பாட அனுப்பச் சொல்லி ஊர் மேயரே நேரில் வந்தார். சரிகைத் துப்பட்டா, கைத்தடி, பின்னால் இரண்டு சேவகர்கள்.

“முடியாது. உக்காருங்க. இன்னா விஷயம்?”

மேயர் விஷயத்தைச் சொன்னார்.

“அதுக்கு இன்னா, நாப்பது புள்ளைங்க வரும். ஆளுக்கு எத்தினி மிட்டாய்?”

ஆனால் எல்லா முடியாதும் இப்படி இளகிவிடும் என்று நம்பியவர்கள் கெட்டார்கள். ஒரு கரும்புக்காரர், தன் பதினொரு வயது மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று, இனிமேல் பள்ளிக்கு வரமாட்டாள் என்று சொல்ல வந்தார்.

“முடியாது.”

“எம் பொண்ணு மதாம்!”

“எங் க்ளாசு.”

மறுநாள் காலை மதாம் அவர் வீட்டுக்குப் போய், மாட்டுக் கொட்டகை வாசலில் கிடந்த செக்குலக்கைமேல் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகளின் சிலேட்டுப் பலகைகளை அங்கேயே வரவழைத்துத் திருத்தினார். மோர் கொடுத்தார்கள், முடியாது. நிழலுக்கு வரச் சொன்னார்கள், முடியாது. பசு மாடுகூட அவரைத் தாண்டிப் போகத் தயங்கி நின்றதாம். பொழுது சாய்வதற்குள் அந்தப் பெண்ணின் பலகையும் பையும் பள்ளிக்குத் திரும்பி வந்துவிட்டன.

ஆக, அவருடைய முடியாதில் இரண்டு ரகம். ஒன்று தானாகக் கரைந்துவிடும். மற்றது பாறை. எந்த நேரத்தில் எது வரும் என்பது கடவுளுக்கே தெரியாது. அந்த வாயின் முன்னால்தான் நான் போய் நிற்க வேண்டியிருந்தது.

ஐந்து வகுப்புக்கு நாங்கள் இரண்டே பேர். அவர் நிரந்தரம், நான் தற்காலிகம். செலியமேட்டிலிருந்து வயல் வரப்பில் நடந்து வருவேன். மில்லில் வேலை பார்த்த என் கணவரைப் பஞ்சுத் தூசி பிடித்துக்கொண்டதால், இருமலோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அடுப்பு எரிந்தது என் வேலையால்தான்.

என் மூத்தவள் பிறந்தபோது இரண்டு மாதம் விடுப்பு எடுத்தேன். பதில் ஆள் யாரையும் அனுப்பவில்லை. மதாம் ஒருவரே ஐந்து வகுப்பையும் கட்டி மேய்த்தார். மூன்றாவது வாரம் அவருக்குத் தொண்டை கட்டிப் பேச்சே நின்றுபோயிற்று. அப்போதும் அவர் அசரவில்லை. ஒரு பலகையில் ‘முடியாது’ என்று பெரிதாக எழுதி வைத்துக்கொண்டு, தேவைப்பட்டபோதெல்லாம் தூக்கிக் காட்டினார்.

நான் திரும்பி வந்த அன்று வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். “இன்னும் அஞ்சு வருசத்துக்கு லீவுன்னு எங்கிட்ட வராத. முடியாது.”

“ஐயோ, இனிமே லீவே வேணாம் மதாம்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மூத்தவளுக்கு ஐந்து மாதம் ஆகும்போது, ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். பால் குடிக்கிற குழந்தை இருக்கும்போது வேறு ஒன்று தங்காது என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அந்த எல்லாரையும் வரிசையாக நிறுத்தி அறைய வேண்டும் போலிருந்தது. தற்காலிக ஆசிரியை அடுத்தடுத்து இரண்டாவது பிரசவத்துக்கு விடுப்புக் கேட்டால், வேலையையே முடித்து அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னவரே மதாம்தான்.

வீட்டில் சொன்னேன். கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு இருமினார். மறுநாள் என் மாமியார் ஒரு பச்சைப் பப்பாளியை அரிந்து தட்டில் வைத்து, என் முன்னால் நகர்த்தினார். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டை எடுத்து உதடு வரைக்கும் கொண்டுபோனேன் என்பதை இன்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பிறகு தட்டைத் திரும்பத் தள்ளிவிட்டேன்.

“அப்ப உம் புள்ளைய நீயே தூக்கினு போ. என்னால பாத்துக்க ஆவாது” என்றார் மாமியார். அதன் பிறகு குழந்தையைப் பக்கத்து வீடுகளில் மாறி மாறி விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

மதாமிடம் எப்படிச் சொல்வது? வரப்பில் நடக்கும்போது ஒத்திகை பார்ப்பேன். பள்ளி வாசலை மிதித்ததும் அத்தனையும் மறந்துவிடும். ஒருநாள் துணிந்து அவர் மேசையருகே போய், “மதாம்...” என்றேன். “முடியாது” என்றார். சாக்கட்டி கேட்க வந்தவள் போல ஒரு சாக்கட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். இப்படியே என்னிடம் ஏழு சாக்கட்டி சேர்ந்துவிட்டது.

கடைசியில், எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். விடுப்பு விண்ணப்பம் என்றால் பிரெஞ்சில்தான் இருக்க வேண்டும். என் பிரெஞ்சு, அரிச்சுவடியைத் தாண்டாது. ஊர் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இருந்தார். பிரெஞ்சில் தும்முவார் என்று அவருக்குப் பெயர். அவரிடம் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். சுழித்துச் சுழித்து ஒரு பக்கம் எழுதித் தந்தார். அதை மதாமின் மேசையில் வைத்துவிட்டு, என் வகுப்புக்கு ஓடிப்போய் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். இரண்டாம் வாய்ப்பாடு முடிவதற்குள் கூப்பிட்டனுப்பினார்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “இத நீ படிச்சுப் பாத்தியா?”

“இல்ல மதாம்.”

“நான் தமிள்ல சொல்றேன், கேளு. ‘பெருமதிப்புக்குரிய மதாம், தாங்கள் மூன்று மாதம் கர்ப்பமாக இருக்கிறீர்கள் என்பதைத் தங்களுக்குத் தெரிவிக்கும் கௌரவத்தை அடைகிறேன்.’” கண்ணாடியைக் கழற்றினார். “எனக்கு அம்பத்திரெண்டு வயசு ஆவுது. ஆளு யாருன்னும் எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

சிரிப்பு வந்தது. அது தொண்டைக்கு வருவதற்குள் அழுகையாக மாறிவிட்டது. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். மதாம் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார்.

“போன புள்ளைக்கு இன்னும் பல்லுகூட மொளைக்கலியேடி!”

“தெரியும் மதாம்.”

“முடியாது” என்றார். அவர் அதை மெதுவாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எந்த ரகம் என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கடிதத்தை நான்காக மடித்துத் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். ஒரு வாரம் என்னோடு பேசவே இல்லை. அந்த வாரத்தில் நான் பட்ட பாட்டை எந்தக் கர்ப்பிணியும் பட வேண்டாம். பேசாத மதாமைவிட முடியாது மதாம் எவ்வளவோ மேல்.

எட்டாம் நாள் வந்து பார்த்தால், ஐந்தாம் வகுப்பு உத்தரத்தில் புடவைத் தூளி ஒன்று தொங்கியது.

“பாக்க ஆளில்லன்னு கேள்விப்பட்டேன். இங்க கொண்டாந்து போடு. லெட்டரு மேல போவாது. வயித்த மறைச்சுக்கோ. நோவு வர்ற வரைக்கும் வேலைய பாரு. அப்புறம் நான் பாத்துக்கிறேன்.”

அன்றிலிருந்து மதாம் தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு பிரெஞ்சு ராஜாக்களின் வரலாறு நடத்தினார். ராஜாக்கள் தலை வெட்டுப்பட்ட இடம் வந்தால் தூளி பலமாக ஆடும். என் மகளுக்கு அந்த இடத்தில்தான் நல்ல தூக்கம் வரும்.

ஏழாம் மாதத்தில், பள்ளிகளைச் சோதிக்கும் வெள்ளைக்காரத் துரை வந்தார். குதிரை வண்டிச் சத்தம் கேட்டதுமே மதாம் என்னை மேசைக்குப் பின்னால் தள்ளி உட்கார வைத்து, மேசையின் முன்பக்கம் பிரான்சு தேசப் படத்தை நீளமாகத் தொங்கவிட்டார். மொத்தப் பிரான்சும் என் வயிற்றுக்குக் காவல் நின்றது.

துரை வந்தார். எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை.

“ஏன் ஆசிரியை எழுந்திருக்கவில்லை?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

“கால் ஊனம்” என்றார் மதாம். அதுவரை அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. காது மடல் சிவந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, பதினோரு மாதமான என் மகள் பக்கத்து வகுப்பிலிருந்து தவழ்ந்து வந்தாள். துரை குனிந்து பார்த்தார். “இந்தக் குழந்தை யாருடையது?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“என்னுடையது” என்றார் மதாம்.

துரை மதாமின் வெள்ளை முடியைப் பார்த்தார். மகளோ நேராக என்னிடம் தவழ்ந்து வந்து, எழுந்து நிற்பதற்காகப் பிரான்சு தேசத்தைப் பிடித்து இழுத்தாள். படம் கழன்று கீழே விழுந்தது.

துரையின் பார்வை என் வயிற்றில் வந்து நின்றது. மதாமுக்குத் தலை தாழ்த்தி வணக்கம் சொல்லிவிட்டு, தன் நோட்டில் நிறைய எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பதினைந்து நாளில் கடிதம் வந்தது. என் சேவை இனிமேல் தேவையில்லை. மதாம் அதைப் படித்துவிட்டு, அன்றைக்கே வண்டி கட்டிக்கொண்டு புதுச்சேரிக்குக் கிளம்பினார். நடுவில் இங்கிலீஷ்காரன் எல்லையைக் கடக்க வேண்டும். சுங்கச் சிப்பாய் பெட்டியைத் திறக்கச் சொன்னானாம். “முடியாது” என்ற அதட்டலில் அவன் பெட்டிக்குப் பதிலாகத் தடுப்பு மரத்தைத் திறந்துவிட்டான் என்று வண்டிக்காரர் சொன்னார்.

மூன்று நாள் கழித்து, நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தார். புடவையெல்லாம் செம்மண். எத்தனை வாசல் ஏறி இறங்கினார், யாரிடம் என்ன பேசினார் என்று சொல்லவில்லை. “பொய் சொன்னவ நானு, என்னிய அனுப்புங்கன்னேன். கேக்கல” என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “முடியாதுன்னுட்டாங்க, கமலா” என்றார். என் பேரைச் சொல்லி அதற்கு முன் அவர் என்னைக் கூப்பிட்டதில்லை.

மாமியார் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் கஷ்டம்தான். மாமியார் கரும்பு வெட்டப் போனார். நான் பக்கத்து வீடுகளுக்கு நெல் குத்திக் கொடுத்தேன். வேறொரு பள்ளியில் எனக்கு இடம் கிடைக்க இரண்டு வருஷம் ஆயிற்று. என் கணவர் அதைப் பார்க்க இருக்கவில்லை.

சின்னவள் பிறந்த பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மதாம் வந்தார். “புள்ளைய பாருங்க” என்று நீட்டினேன். வேண்டாம் என்று அவர் சொல்வதற்கு முன்பே மடியில் வைத்துவிட்டேன். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், ஆஜர் பட்டியலைப் பிடிப்பது போல விறைப்பாகப் பிடித்தார். “மூக்கு சப்பையா இருக்குது” என்றார். குழந்தையின் தலை சரிந்தது.

“கழுத்துக்குக் கீழ கை வையுங்க மதாம்” என்றேன்.

வைத்தார். அதற்கப்புறம் வெகுநேரம் அந்தக் கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. குழந்தையைத் திரும்ப வாங்க எனக்கும் மனம் வரவில்லை.