பெரிய கரண்டி

ஏழாவது தடவையும் கார் இருமியது, கறுப்பாக ஓர் ஏப்பம் விட்டது, அணைந்தது. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டை சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது.

"டர்போ, மொத்தம் எத்தனை சட்டைன்னு சொல்லிட்டா ஒண்ணா ஊற வச்சிடுவேன்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர், மதிலுக்கு மேல் தலையை மட்டும் காட்டி.

டர்போ என்பது அவர் கேலிக்கு வைத்த பெயர். இவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான். பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடையில். இன்ஜின் படிப்பு முழுக்க வீடியோவில். நன்றாக ஓடிக்கொண்டிருந்த காருக்கு வேகம் போதவில்லை என்று, பெட்ரோலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரையும் கழற்றிவிட்டு, இரண்டு மடங்கு பெரியதாக நாலு மாட்டியவன் இவன்தான். இப்போது லேப்டாப்பை ஸ்டூலில் வைத்து, கார் ஜன்னல் வழியாகக் கேபிளை விட்டுக் காரின் கம்ப்யூட்டரோடு கட்டி, எவ்வளவு பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்று இருநூற்றைம்பத்தாறு கட்டங்களில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளாக. ஒரு கட்டம் சரியானால் மூன்று கட்டம் கோணிக்கொண்டது.

மனைவி வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தாள். மருந்துக்கடையில் மருந்தாளுநர். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே மடித்திருக்கும் சீட்டை முதலில் படிப்பாள். அதுதான் அவள் தொழில், அதுதான் அவள் வியாதி.

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா?"

"வேணாம்."

"கரண்டியப் பெருசாக்கிட்டீங்க. அதைக் கம்ப்யூட்டர்கிட்ட சொன்னீங்களா? அது பாவம், பழைய கரண்டின்னு நெனச்சு அதே கணக்குல ஊத்திக்கிட்டிருக்கு."

"இது இருமல் மருந்து இல்ல. இன்ஜின்."

"இருமுதே."

மதில் பக்கம் சிரிப்பு. டர்போவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"உனக்கு என்ன தெரியும்? இன்ஜினைத் தெரிஞ்சவன் கையிலதான் சாவி இருக்கணும். அதான் உன்கிட்ட குடுக்கிறதில்ல."

அவள் ஒரு வருஷமாகக் கேட்பது அந்தச் சாவியைத்தான். லைசென்ஸ் அலமாரியில் தூங்குகிறது. அவள் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறாள்.

"அப்ப, யாரு ஓட வைக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் சாவி. அப்படித்தானே?"

"அப்படியேதான்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"என் பரம்பரையிலேயே கிடையாது."

அவள் மதில் பக்கம் திரும்பினாள். "அண்ணா, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"காது குளிரக் கேட்டேம்மா."

அவள் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். இன்ஜெக்டர் பெட்டிக்குள் வந்தது. டர்போ அதில் கிரீஸ் துடைத்து எறிந்திருந்தான். லேப்டாப் முன் குனிந்தாள். அவன் கிறுக்கிய கட்டங்களை அழித்துவிட்டுப் பழைய கணக்கைத் திரும்ப ஏற்றினாள். முந்தாநாளே காப்பி எடுத்து வைத்திருந்தாள், ஆளைத் தெரியாதா? பிறகு இன்ஜெக்டரின் அளவைக் கேட்கும் முதல் பக்கத்துக்குப் போனாள். இவன் தாண்டிக் குதித்துப் போன பக்கம். சீட்டில் இருந்த இரண்டே எண்களை அங்கே தட்டினாள். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

கார் பால் குடித்த பூனை மாதிரி மெல்ல உறுமிக்கொண்டு நின்றது. புகை இல்லை.

"ரெண்டு நாளா நான் பதப்படுத்தி வச்சது," என்றான் டர்போ.

பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த வெள்ளைச் சட்டையைத் தைரியமாகக் கொடியில் போட்டார். அதுதான் வலித்தது.

"மீதிக் கட்டத்தையெல்லாம் சாயங்காலம் பாக்கலாம். நான் ஓட்டுறேன், நீங்க பக்கத்துல உக்காந்து லேப்டாப்ல நம்பரைப் படிங்க," என்றாள் அவள். "இப்ப நேரமாச்சு. கேபிளைக் கழட்டிட்டு கேட்டைத் திறங்க."

டர்போ கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சாவி போனது போகட்டும். சொன்ன சொல் சொன்னதுதான். ஆனால் ஓர் ஆம்பளை, சொந்த வாசலில், அடுத்தவர் பார்க்க, ஒரே மூச்சில் இரண்டு உத்தரவுக்குப் பணிவதா? தலையே போனாலும் முடியாது. ஒன்றுக்குத்தான் பணிவான்.

நெஞ்சை நிமிர்த்தி நடந்துபோய்க் கேட்டை மட்டும் அகலத் திறந்துவிட்டான்.

கார் வழுக்கிக்கொண்டு வெளியே போனது. ஸ்டூலிலிருந்து குதித்த லேப்டாப், நாய்க்குட்டி மாதிரி துள்ளித் துள்ளி அதன் பின்னாலேயே தெருவில் ஓடியது.

"டர்போ," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "கேபிளைக் கழட்டச் சொன்னாங்களேப்பா."