தும்புத்தடி அண்ணை கூட்டாத இடம்

இலங்கைக் கடற்கரை முழுவதையும் ஒரே ஆளிடம் கூட்டக் கொடுத்தால், தும்புத்தடி அண்ணை ஒரு கிழமையில் முடித்துவிட்டு, "அங்கால இந்தியாப் பக்கத்தையும் ஒருக்காக் கூட்டிவிடட்டோ?" என்று கேட்பார். தலைமன்னாரில் படகோட்டி. சொந்தப் பெயர் ஊரில் எவருக்கும் ஞாபகமில்லை. படகில் துடுப்பு இருக்கிறதோ இல்லையோ, மணல் கூட்டத் தும்புத்தடி இருக்கும்.

போன கோடையில் கொழும்புப் புகைப்படப் போட்டிக்காக ஒரு சனி, ஞாயிறு அவருடைய படகில் போனேன். படம் திங்கட்கிழமை போய்ச் சேரவேண்டும். மன்னார் என்றாலே கழுதையும் கருவாடும்தானே என்று சிரிக்கிறவர்களின் வாயை அடைக்கவேண்டும் என்ற வெறி எனக்கு.

நான் கமராவைத் தூக்கினால் போதும், "பொறுங்கோ மாஸ்டர்!" என்று கரையில் குதித்துவிடுவார்.

"அண்ணை, வெளிச்சம் போகுது!"

"வெளிச்சம் நாளைக்கும் வரும். போன மானம் வருமே? ஆக்கள் பாக்கப்போற வீட்டைக் கூட்டாமல் விடுவினமே?"

ஒரு கொக்கைச் சுற்றி அழகாகக் கூட்டினார். கொக்கு பறந்துபோனது. "இப்ப எடுங்கோ" என்றார். எதை எடுக்க? எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தும்புத்தடியைக் கடலில் எறிந்திருப்பேன்.

ஞாயிறு பின்னேரம், கடைசியாக ஒரு மணல் திட்டு. தலைக்கு மேல் ஆலாப் பறவைகள் கத்தின. தும்புத்தடியோடு இறங்கிய அண்ணை இரண்டு எட்டு வைத்து அப்படியே நின்றார். மணல் நிறத்தில் ஒரு குஞ்சு. அதன் பக்கத்தில் சிவப்பாக ஒரு சோடா மூடி.

மூடியைப் பார்த்தார், குஞ்சைப் பார்த்தார். தும்புத்தடியை அரைவாசி நீட்டி, இழுத்துக்கொண்டார். பிறகு மெல்லப் பின்வாங்கிப் படகில் ஏறினார்.

"தள்ளி நிண்டு எடுங்கோ மாஸ்டர். பிள்ளை பெத்த வீட்டுக்கை போய்க் கூட்டேலாது."

தாய்ப் பறவை மீனோடு வந்து இறங்கியது. தூரத்திலிருந்தே எடுத்தேன். முதல் பரிசு!

படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பறவையைப் பார்க்கவே இல்லை. முகம் சுருங்கிவிட்டது.

"கொழும்பு ஆக்கள் இந்த மூடியைக் கண்டவையே?"

"சிப்பி எண்டுதான் நினைச்சவை, அண்ணை."

"சிவப்புச் சிப்பியோ?"

"ஓம். இப்பிடி வடிவான சிப்பி மன்னாரிலதானாம்."

நெஞ்சை நிமிர்த்தினார். "பின்னை? எங்கட கடலெல்லோ!"

அவருக்கு நான் சொல்லாதது ஒன்று உண்டு. பரிசு தந்த நடுவர், "மூலையில் கிடப்பது குப்பையா?" என்று மேடையிலேயே கேட்டார். அத்தனை பேர் முன்னால், கொஞ்சமும் கூசாமல், சிப்பி என்று சொன்னவன் நான்தான்.